விதி சொன்ன ஹாட்பாக்ஸ்

எங்கள் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "அந்தக் கடற்கரை ஆளுங்க எந்த நாடகக் குழு? இவ்வளவு இயல்பா நடிக்கிறாங்களே!" நான் சிரித்துக்கொண்டே "லோக்கல் ஆளுங்கதான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அவர்கள் நடிக்கவே இல்லை என்று சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டிவரும். நின்றுகொண்டு சொல்கிற கதை இல்லை அது. உட்கார்ந்து சொல்கிறேன்.

நான் செங்கல்பட்டில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். சொந்த ஊர் கருங்குழி. ஊர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், நாங்கள் இருந்தது ஊரைத் தாண்டி இருக்கும் காலனி. என் அப்பாவின் தலைமுறை வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது எங்கள் தெருவில் பஸ் ஓட்டுகிறவர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார், ஊசி குத்த நான் இருக்கிறேன்.

என் வேலையில் ஊசி குத்துவது ஒன்றும் பெரிதில்லை. ரிப்போர்ட் கொடுப்பதுதான் பெரிது. கவரை வாங்கியவர்கள் அதைப் பிரிக்க மாட்டார்கள். என் முகத்தைப் பார்ப்பார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லியே மேடம்?" என்பார்கள். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம். சொல்லுவேன். அப்போதும் நகராமல், குறி சொல்கிறவளின் வாயைப் பார்ப்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்ற யாரோ ஒருவரிடமிருந்துதான் எனக்குப் படத்துக்கான கதை கிடைத்தது.

கதை இதுதான். ஒரு லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. எச்சிலைத் தொட்டுவைத்தால் அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்து, அந்த ஆளுக்கு எங்கே சாவு என்று ஒரே ஒரு வார்த்தையில் சொல்லிவிடும். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் எல்லாவற்றையும் தன் போனில் படம்பிடிக்கிறாள். பிறகு அவள் காணாமல் போகிறாள். கிடைத்த போனில் இருக்கிற வீடியோக்கள்தான் மொத்தப் படமும். 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்பார்கள் இந்த வகையை.

இந்தக் கதை எனக்கு ஏன் பிடித்தது என்றால், ரத்தத்திலேயே எல்லாம் எழுதியிருக்கிறது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டால் "அவங்க ரத்தம் அப்படி" என்றார்கள். சரியாகப் போட்டால் யாரைப் பார்த்து எழுதினாய் என்றார்கள். இப்போது நாள் முழுக்க ரத்தத்தைக் குழாயில் பிடித்துப் பார்ப்பது என் பிழைப்பு. அதில் சர்க்கரை இருக்கும், உப்பு இருக்கும், சில சமயம் கிருமி இருக்கும். யாருடைய தலையெழுத்தும் இருந்து நான் பார்த்ததில்லை. இதைப் படத்தில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெறியே இருந்தது. இன்னும் இருக்கிறது.

படக்குழு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, மூன்று பேர். நான் கதை, வசனம், இயக்கம், அந்த லேப் பெண்ணாக நடிப்பு. என் வீட்டுக்காரர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்டு பார்க்கிறவர். கேமரா, லைட், டீ மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் எங்கள் ஹீரோ. கல்லூரியில் என்னோடு படித்தவன், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரன். படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தன் மாமாவின் மீன்பிடி போட்டுக்கே திரும்பிவிட்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, "கடல்ல சூப்பர்வைசர் இல்ல" என்றான்.

கையில் காசு இல்லாதவர்களுக்கென்றே இப்படிப்பட்ட படம் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். கை நடுங்கினால் அது பாணி. வெளிச்சம் போதவில்லையென்றால் அது உண்மைத்தன்மை. "இல்லாமைக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சிருக்கானுங்க பாரு" என்று என் வீட்டுக்காரர் வியந்தார். எங்கள் மெஷின், எனக்குக் கல்யாணத்துக்கு வந்த ஹாட்பாக்ஸ். அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சீரியல் பல்பு சுற்றி, மூடியில் ஓட்டை போட்டு ஒரு பழைய போனைப் பொருத்தினோம். போனில் ஒரே ஒரு வீடியோ. எழுத்துகள் உருண்டு உருண்டு ஓடி, கடைசியில் 'தண்ணீரில்' என்று வந்து நிற்கும். கதையில் வாயில் எச்சில் எடுத்து முடிவு காட்டுவது ஹீரோவுக்கு மட்டும்தான் என்பதால் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். ஹீரோ வீட்டுக்குப் பக்கத்துச் சிற்பக் கூடத்தில் கல் அறுக்கும் சத்தம் ஓயவே ஓயாது. அதையே மெஷினின் சத்தமாக வைத்துக்கொண்டோம்.

அந்தக் காட்சியை ஹீரோவின் வீட்டிலேயே எடுத்தோம். செட் போட வழியில்லை. அவன் சொந்தச் சட்டை, சொந்தப் பேர். பின்னால் அவன் அம்மா மீன் கூடையோடு குறுக்கே போவார். வாசல் வழியாக மணலில் ஏற்றிவைத்த போட்டு தெரியும். நான் லேபில் போடுகிற என் வெள்ளை கோட்டையே போட்டிருந்தேன். மூடியைப் பார்த்து, "உனக்குச் சாவு தண்ணீரில்" என்று படித்தேன். அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "எப்போ?" என்று கேட்டான். "அது சொல்லாது" என்றேன். ஒரே டேக். என் வீட்டுக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காட்சியை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேட்டான், அனுப்பினேன். அதை அவன் தன் போட்டு ஆட்களின் வாட்ஸப் குழுவில் போட்டான். கீழே ஒரு வரி எழுதவில்லை. முதலில் அசந்து போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போய்விட்டான். அவன் கை கழுவுவதற்குள் அது குப்பம் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காலையில் போன் வந்தது. "இன்னா டைரக்டரு, படம் ஹிட்டு. போட்டு என்னிய வுட்டுட்டுப் பூட்ச்சு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த நாளும் விட்டுவிட்டுப் போனது. அதற்கடுத்த நாள் அவன் சிரிக்கவில்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. கடல் கொண்டுபோன ஆளைக்கூடச் செத்தான் என்று சொல்ல மாட்டார்கள். "வரல" என்பார்கள், அவ்வளவுதான். அப்படி வாயைக் கட்டி வாழ்கிற இடத்தில், என் வாயால் அந்த வார்த்தையை நான் பளிச்சென்று போட்டு உடைத்திருக்கிறேன். அந்த வார்த்தை விழுந்தவனை எந்தப் போட்டிலும் ஏற்ற மாட்டார்கள். கடல் ஆள் பார்த்து எடுக்காது, போட்டோடு எடுக்கும். கூட வருகிறவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள் இல்லையா?

"மறுபடி கம்பெனிக்கே போவணுமா நானு?" என்று கேட்டான். அவன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உடனே அவன் மாமாவுக்குப் போன் போட்டேன். போட்டு அவருடையது. யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று சொல்கிறவர் அவர்தான்.

"அண்ணா, அது சினிமாண்ணா" என்றேன்.

"சினிமான்னா பாட்டு இருக்கும், சண்டை இருக்கும். இது அவன் வூடு, அவன் பேரு. பின்னால எங்க அக்கா கூடைய தூக்கினு போறா. இது எப்பிடிம்மா சினிமா?"

"அந்த மெஷின் பொய்ண்ணா. அது ஹாட்பாக்ஸ்."

"மெஷின வுடும்மா. சொன்னது நீ. எங்கூட்டம்மாவுக்கு சக்கர கீதுன்னு உன் கையால தான ரிப்போர்ட்டு வந்துச்சு? அது கரெக்டாதான இருந்துச்சு? நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். எங்கள் காலனியிலிருந்து போய் யார் என்ன சொன்னாலும், சாட்சிக்கு வேறு ஆள் இருக்கிறதா என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். முதல்முதலாக ஒரு குப்பமே என் சொல்லை மறுபேச்சில்லாமல் நம்பியிருக்கிறது. போயும் போயும் அந்தச் சொல் பொய். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

என் வீட்டுக்காரரிடம்தான் சொன்னேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "உங்க லேப்ல ரிப்போர்ட் தப்பா போயிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ரிப்பீட் சாம்பிள் எடுத்துப் பாப்போம். பழச கேன்சல் பண்ணுவோம்."

"அப்ப அத பண்ணு" என்றார், ஏதோ உப்பு குறைகிறது என்று சொல்வது போல.

மறுநாள் விடிந்ததும் ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். எனக்குப் பத்து மணிக்கு டியூட்டி. அவர் இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தார். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் காற்று முகத்தில் அறைந்தது. என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எனக்குப் பயம் எல்லாம் இல்லை. பொய்யை நான்தான் செய்தேன், அதைப் பிரித்துக் காட்டவும் எனக்குத்தான் தெரியும்.

கரையில் வந்த மீனுக்கு ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் போட்ட நண்டு வலையை எடுக்க மாமாவின் போட்டு இனிமேல்தான் கிளம்ப வேண்டும். நம் ஹீரோ போட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்ட நின்றான். அவன் அம்மா ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் ஹாட்பாக்ஸை வைத்தேன். கோட்டைப் போட்டேன், கையுறை மாட்டினேன். ஏலம் நின்று கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் கேமராவை எடுத்துவிட்டார். நான் முறைத்தேன். "எல்லாம் நம்ம படத்துக்குத்தான்" என்று முணுமுணுத்தார்.

"போன ரிப்போர்ட்ல சந்தேகம் இருக்கு. ரிப்பீட் சாம்பிள் எடுக்கணும்" என்று உரக்கச் சொன்னேன். மாமா தலையாட்டினார். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கம். அவர் வீட்டம்மாவுக்கு அப்படி எடுத்திருக்கிறோம்.

முதலில் அவனுடைய எச்சிலைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். எழுத்துகள் உருண்டன. 'தண்ணீரில்.' அவன் அம்மா தலையில் கை வைத்துவிட்டார். நிறுத்தாமல் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். 'தண்ணீரில்.' போட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என் வீட்டுக்காரர். 'தண்ணீரில்.' பிறகு அவன் அம்மா. 'தண்ணீரில்.'

"நானா? நான் தண்ணியாண்ட போறதே கொழாயடிக்குத்தான்" என்றார் அம்மா.

யாரோ பின்னால் சிரித்தார்கள். இதுதான் சமயம் என்று அவர் கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து, அதன் வாயைப் பஞ்சால் துடைத்து, மரியாதையாக மெஷினில் வைத்தேன். எழுத்துகள் உருண்டன, ஓடின, நின்றன. 'தண்ணீரில்.'

"இன்னாது, தண்ணியிலயா?" அம்மா இடுப்பில் கை வைத்தார். "இது எண்ணெயில போவப் போவுது!"

கரையே குலுங்கியது. மூடியைக் கழற்றி உள்ளே இருந்த போனை மாமாவின் கையில் கொடுத்தேன். அவரே ஒரு தடவை அழுத்தினார். உருண்டது. இன்னொரு தடவை அழுத்தினார். உருண்டது. "அடப்பாவிங்களா, சோறு வைக்கிற டப்பாடா இது!" என்று இருமல் வரும்வரை சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா. மெஷின் பொய்யி. ஆனா மெஷினா பேசிச்சு? உன் வாய்தான பேசிச்சு?" என்றார். "அது அப்பிடியே கீது. நீதான் எடுக்கணும். கடலு அவன ஒண்ணியும் பண்ணாதுன்னு சொல்லு. சொல்லிட்டுப் போ, இப்பவே ஏத்திக்கிறேன்."

எவ்வளவு சுலபம். ஒரு வரி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதுவும் குறிதானே? கெட்ட குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல குறியை வைப்பதா? ரத்தத்தில் எதுவும் எழுதியில்லை என்று படம் எடுக்க வந்தவள், நல்லதாக எழுதியிருக்கிறது என்று கரையில் நின்று சொல்வதா?

"அத சொல்ல மாட்டேண்ணா" என்றேன்.

ஹீரோ என்னைக் கழுத்தை நெரிப்பது போலப் பார்த்தான். "சொல்லித் தொலையேன்மே!" என்று கத்தினான்.

"சொல்ல மாட்டேன். இத நம்பினு நாளைக்கு நீ காத்துல, மழையில போவ. லைஃப் ஜாக்கெட் போட மாட்ட. ஏன்னா லேப் அக்கா சொல்லிடுச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு. அதுவும் பொய்தான்." கேமரா பக்கம் திரும்பாமல் மாமாவின் முகத்தைப் பார்த்தே பேசினேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய். கதைக்காக நானே எழுதி நானே படிச்ச பொய். இவன் எங்க போவான், எப்ப போவான்னு எனக்குத் தெரியாது. எந்த மெஷினுக்கும் தெரியாது. இவன் ரத்தத்துல அது இல்ல. உங்க ரத்தத்துலயும் இல்ல, என் ரத்தத்துலயும் இல்ல. பழைய ரிப்போர்ட் கேன்சல். இதுதான் என் ரிப்போர்ட்டு."

மாமா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். ஆளை எடைபோடுகிற பார்வைகள் எனக்குப் பழக்கம். நான் யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்று தேடுகிற பார்வையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். இது அது இல்லை. நான் சொன்னதை மட்டும் எடைபோடுகிற பார்வை.

"கேக்கிறதுக்கு நல்லாகீறத சொல்லிட்டுப் போயிருக்கலாம் நீ. சொல்லல" என்றார். "அப்ப நீ பொய்யின்னு சொன்னது நெசம்தான்." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ஏர்றா" என்றார்.

அவன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு மணலிலேயே நின்றுவிட்டது. எல்லாருமாகத் தோள் கொடுத்துப் போட்டைத் தள்ளினார்கள். அலையில் மூக்கைத் தூக்கி, விழுந்து, மறுபடி தூக்கி அது தாண்டிப் போனது. படம் அந்த இடத்தில் முடிகிறது. பார்க்கிறவர்கள் கை தட்டுகிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. என் வீட்டுக்காரர் கேமராவை மூடி, ஹாட்பாக்ஸைப் பையில் போட்டு, "போலாமா? உனக்கு டியூட்டி" என்றார். நீங்கள் போய்த் தூங்குங்கள், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பஸ்ஸுக்குப் போகவில்லை. போட்டு புள்ளியாகி, புள்ளியும் மறைந்த பிறகும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நேரம் வீரம் பேசியவளுக்கு இப்போதுதான் பயம் வந்தது. ஒருவேளை இன்றைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அது தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

"பொய்யின்னு சொன்ன. அப்பறம் இன்னாத்துக்கு நிக்கிற?" பக்கத்தில் அவன் அம்மா. மீன் கூடை காலடியில் இருந்தது. வியாபாரத்துக்கு எப்போதோ கிளம்பியிருக்க வேண்டியவர்.

"நீங்க இன்னாத்துக்கும்மா நிக்கிறீங்க?"

"நான் தெனமும் நிக்கிறவ. அவங்கப்பன் இருந்த காலத்திலேர்ந்து."

அந்த ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். உட்கார்ந்தேன். யாருக்கும் எதுவும் தெரியாது என்று இத்தனை பேர் முன்னால் முழங்கிவிட்டு வந்தவள் நான். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. தெரியாமல் உட்கார்ந்திருப்பது அப்படி இல்லை. இந்த அம்மா இதைக் கல்யாணமான நாள் முதல் செய்துகொண்டிருக்கிறார். வெயில் ஏறியது. கூடையில் மீன் மேல் அவர் ஈரக் கோணியைப் போட்டு மூடினார்.

போட்டு வந்தது. கரை தட்டுவதற்கு முன்பே அவன் இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டான். நண்டு சிக்கிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னா டைரக்டரு, கேமரா ஓடுதா?" என்று கத்தினான். என் போன் பையிலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. லேபிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்திருந்ததையும் பிறகுதான் பார்த்தேன்.

அவன் அம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். கூடையைத் தூக்கிவிட நான் கை கொடுத்தேன். தலையில் சரியாக உட்காரவைத்துக்கொண்டு, ஒரு கையால் என் தோளைத் தொட்டார்.

"போ கண்ணு, வேலைக்கு நேரமாச்சு" என்றார். "நாளைக்கு நான் நின்னுக்கறேன்."